டிரெட்நாட்: பொருள், பிறப்பு, தமிழ்

கிட்டார் பழகுகிறவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். பெட்டி பெரிதாகவும் இடுப்பு அகலமாகவும் இருக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரை டிரெட்நாட் என்பார்கள். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916-இல் அந்த வடிவத்தைச் செய்தபோது, உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரை எடுத்து வைத்தது. பெரிது, கனமானது, முழக்கம் அதிகம் என்பதுதான் கணக்கு.

கடற்படை வரலாற்றில் டிரெட்நாட் என்றால் ஒரு தனிக் கப்பல். அதைப் பார்த்து உலகம் கட்டிய ஒரு முழு வகையும் அதுவே. பத்திரிகைகளில் இந்த இரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன.

சொல்லைப் பிரித்தால் 'டிரெட்' என்பது அஞ்சுதல். 'நாட்' என்பது ஒன்றுமில்லை என்பதற்கான பழைய ஆங்கிலம். (கப்பலின் வேகத்தை அளக்கும் நாட் வேறு, இது வேறு.) சேர்த்துப் படித்தால் 'எதற்கும் அஞ்சாதே' என்ற கட்டளை. பிரிட்டிஷ் கடற்படையில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே இந்தப் பெயரில் கப்பல்கள் உண்டு. 1588-இல் இங்கிலாந்தைத் தாக்க வந்த ஸ்பானிய ஆர்மடா என்ற கப்பல்படையை எதிர்த்த கப்பல்களில் ஒன்றுக்கும், 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் போரிட்ட ஒன்றுக்கும் இதே பெயர். கடும் குளிருக்குப் போடும் தடித்த கம்பளிக் கோட்டையும் ஆங்கிலத்தில் டிரெட்நாட் என்று சொன்ன காலம் இருந்தது. ஆக, சொல் பழையது. அதற்குப் புதுப்பொருள் வந்தது 1906-இல்.

அதற்கு முந்தைய பெரிய போர்க்கப்பல்களில் வழக்கமாக 12 அங்குலப் பீரங்கிகள் நான்கு இருக்கும். கூடவே சிறியதும் நடுத்தரமுமாகப் பல அளவுப் பீரங்கிகள். இதில் ஒரு தொல்லை. குறி பார்க்கும் அதிகாரி, குண்டு விழுந்த இடத்தில் எழும் நீர்த்தூணைப் பார்த்துத்தான் தூரத்தைத் திருத்துவார். பல அளவுக் குண்டுகள் ஒரே நேரத்தில் விழுந்தால் எந்த நீர்த்தூண் எந்தப் பீரங்கியினுடையது என்று எப்படித் தெரியும்? பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ஜான் ஃபிஷர் கட்டவைத்த டிரெட்நாட்டில் இந்தக் கலவை இல்லை. 12 அங்குலப் பீரங்கிகள் பத்து, ஐந்து சுழலும் பீரங்கிக் கோபுரங்களில் இரண்டிரண்டாக. ஒவ்வொரு குண்டும் ஏறத்தாழ 385 கிலோ. டார்பிடோ (நீருக்கடியில் பாயும் வெடிகுண்டு) ஏவும் படகுகளை விரட்டச் சின்னப் பீரங்கிகள் இருந்தன, அவ்வளவுதான். அப்புறம், பெரிய போர்க்கப்பலில் முதன்முதலாக நீராவி டர்பைன் எஞ்சின். வேகம் 21 நாட், அதாவது மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர்.

1905 அக்டோபர் 2-இல் போர்ட்ஸ்மத்தில் வேலை தொடங்கியது. 1906 பிப்ரவரி 10-இல் மன்னர் ஏழாம் எட்வர்ட் நீரில் இறக்கிவைத்தார். அந்த அக்டோபரிலேயே சோதனை ஓட்டம். 'ஓராண்டும் ஒரு நாளும்' என்று பெருமையடித்துக்கொண்டார்கள். வேறு இரண்டு கப்பல்களுக்காகச் செய்துவந்த பீரங்கிகளை இதற்குத் திருப்பிவிட்டதும் அந்த வேகத்துக்கு ஒரு காரணம். அதை அவ்வளவாகச் சொல்லிக்கொள்ளவில்லை. யோசனையும் பிரிட்டனுக்கு மட்டும் தோன்றியதல்ல. இத்தாலியப் பொறியாளர் குனிபெர்ட்டி 1903-லேயே எழுதியிருந்தார். அமெரிக்காவும் ஜப்பானும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தன. முந்திக்கொண்ட கப்பலின் பெயர் வகைக்கு நின்றுவிட்டது.

பெயர் நின்றதும் குட்டிபோட ஆரம்பித்தது. அதற்கு முன் கட்டியவை எல்லாம் 'முன்-டிரெட்நாட்' ஆயின, நேற்று வரை புதுக்கப்பலாக இருந்தவையும் சேர்த்து. பின்னால் 13.5 அங்குலப் பீரங்கியோடு வந்தவை 'சூப்பர் டிரெட்நாட்'. ஜப்பானியர் பெயரின் முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு 'தோக்யூ' என்றார்கள், டிரெட்நாட் தரம் என்று பொருள். அதையும் மிஞ்சியது 'சோதோக்யூ'. இன்றைய ஜப்பானிய விளம்பரங்களில் பிரம்மாண்டமான எதற்கும் அந்தச் சொல் வந்து விழும்; கப்பல் யார் நினைவிலும் இருக்காது.

இவ்வளவு பெயர் வாங்கிய கப்பல் என்ன சாதித்தது? அது தன் பெரிய பீரங்கிகளால் ஒரு எதிரிக் கப்பலைக்கூடச் சுட்டதில்லை. வடிவமைப்பிலும் கோளாறு: குறி பார்க்கும் மேடையைத் தாங்கிய பாய்மரத்தைப் புகைபோக்கிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். மேலே நிற்கிறவருக்கு வெக்கையும் புகையும்தான். 1910-இல் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் (அப்போது மணமாகாத வர்ஜீனியா ஸ்டீபன்) உள்ளிட்ட ஒரு கும்பல் அபிசீனிய (இன்றைய எத்தியோப்பிய) இளவரசர்கள் வேடத்தில் வந்து, ராஜமரியாதையோடு கப்பலைச் சுற்றிப்பார்த்துவிட்டுப் போனது. 1916 மே 31-இல் பிரிட்டிஷ், ஜெர்மானியக் கடற்படைகள் மோதிய ஜட்லண்ட் பெரும்போர் நடந்தபோது டிரெட்நாட் பழுதுபார்ப்பில் இருந்தது. 1921-இல் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்.

ஒரே ஒரு வெற்றி உண்டு. 1915 மார்ச் 18-இல், ஸ்காட்லாந்தின் வடக்கே, யூ-29 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியை நேராக மோதி மூழ்கடித்தது. அதன் தலைவர் ஓட்டோ வெடிகன், 1914 செப்டம்பர் 22 காலையில் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை அடுத்தடுத்து மூழ்கடித்தவர். அதே நாள் இரவில்தான் எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் சொல்வதும் ஒரு கப்பல் பெயர் பொதுச்சொல் ஆன கதைதான். ஆனால் எம்டன் டிரெட்நாட் வகை அல்ல, இலகுவகை குரூசர், அதாவது கவசம் குறைந்த, வேகமான சிறிய போர்க்கப்பல். பீரங்கி வெறும் 10.5 சென்டிமீட்டர். அதையும் இதையும் ஒரே தட்டில் வைத்து எழுதக்கூடாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'போர்க்கப்பல்' போதாது, ரோந்துக் கப்பல் முதல் விமானந்தாங்கி வரை எல்லாம் போர்க்கப்பல்தான். பெரும்பீரங்கியும் தடித்த கவசமும் கொண்டு, வரிசையில் நின்று மோதுவதற்காகக் கட்டிய கப்பலை மட்டும் 'பெரும்போர்க்கப்பல்' என்று பிரித்துச் சொல்லலாம். டிரெட்நாட் அதன் உட்பிரிவு. பெயரை மொழிபெயர்த்தால் 'அஞ்சேல்' சரியாக உட்காரும். அதுவும் கட்டளை, இதுவும் கட்டளை. 'அச்சமிலி' கேட்க நன்றாக இருந்தாலும் கட்டளை போய்விடுகிறது. ஆனால் இதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் பொருள் விளக்கமாகக் கொடுத்தால் போதும். எம்டனை நாம் மொழிபெயர்த்தோமா என்ன? கப்பலுக்கு 'டிரெட்நாட்', வகைக்கு 'டிரெட்நாட் வகைப் பெரும்போர்க்கப்பல்' என்பது என் தேர்வு.

வகைப்பெயரை முழுசாக எழுதச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1960-இல் நீரில் இறக்கிய பிரிட்டனின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக்கும் டிரெட்நாட் என்றே பெயர். இப்போது அங்கே கட்டிவரும் அணு ஏவுகணை நீர்மூழ்கிகளும் டிரெட்நாட் வகுப்புதான். இன்றைய பாதுகாப்புச் செய்தியில் இந்தப் பெயர் வந்தால், பெரும்பாலும் பேச்சு இந்த நீர்மூழ்கிகளைப் பற்றியது.