எம்.ஆர்.பி.க்கு மேல் வரி கேட்டால் கொடுக்காதீர்கள்

மதுரைக் கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். பில்களைப் புரட்டும்போது அடிக்கடி கண்ணில் படுவது, எம்.ஆர்.பி. (பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை) போக, அதன்மேல் தனியாகக் கூட்டிய வரி. கேட்டால், "வரி கவர்மென்டுக்குத்தானே சார் போகுது" என்பார்கள். வாங்குகிறவரும் நம்பிக் கொடுத்துவிடுகிறார்.

எம்.ஆர்.பி.க்குள் எல்லா வரியும் அடங்கிவிட்டது. பாக்கெட்டிலேயே அப்படித்தான் அச்சாகியிருக்கும். பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011-இன்படி அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 'கூலிங் சார்ஜ்' என்று 5 ரூபாய் சேர்ப்பதும் இதில் அடக்கம். குறைத்து விற்கத் தடையே இல்லை. கீழமாசி வீதியில் அதே சோப்பு இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைத்தால் போலியோ என்று பயப்பட வேண்டாம். கடைக்காரர் தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார், அவ்வளவுதான். மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் பருப்புக்கு எம்.ஆர்.பி. கிடையாது.

சிக்கல் வருவது தள்ளுபடியில்தான். சட்டையின் எம்.ஆர்.பி. 1000 ரூபாய், 40 சதவீதம் தள்ளுபடி என்று போர்டு. 600 ரூபாய் என்று எடுத்துப் போனால், பில்லில் 5 சதவீத வரி சேர்ந்து 630. ஆயிரத்தைத் தாண்டவில்லையே என்பார் கடைக்காரர். ஆனால் வரி உள்ளடங்கிய விலையில்தானே தள்ளுபடி அறிவித்தார்? அதன்மேல் மறுபடி வரி கேட்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த 600-க்குள்ளிருந்தே கடைக்காரர் வரியைப் பிரித்துக் கட்ட வேண்டும். என்னிடம் வருகிறவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஓட்டல் விஷயம் வேறு. மேசையில் உட்கார வைத்துப் பரிமாறும் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அதே 2017-இல் சொல்லிவிட்டது. அங்கே சேவையும் சேர்கிறது என்பது நீதிமன்றத்தின் பார்வை.

கூடுதலாக வாங்கினால் முதலில் பில் கேளுங்கள். பில்லையும், விலை அச்சிட்ட பக்கம் தெரிகிற மாதிரி பாக்கெட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். விலையை அழித்திருந்தாலோ மேலே ஸ்டிக்கர் ஒட்டிக் கூட்டியிருந்தாலோ, அந்தப் பாக்கெட்டையே பத்திரப்படுத்துங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். நம் மாநிலத்தில் இதில் நடவடிக்கை எடுப்பது தொழிலாளர் துறை என்பதால் மதுரையில் உள்ள அதன் அமலாக்கப் பிரிவிலும் மனு கொடுக்கலாம்.