இங்கிலாந்தில் புது ஆசிரியருக்கு என்ன சலுகை? ஏழைப் பள்ளியில் கூடுதலாக என்ன?

இங்கிலாந்தில் கியூ.டி.எஸ். என்ற ஆசிரியர் தகுதியை வாங்கினாலும் அதோடு முடிவதில்லை. அதன்பின், பள்ளியில் வேலை பார்த்தபடியே பயிற்சி பெற்று மதிப்பிடப்படும் இரண்டு ஆண்டு இன்டக்‌ஷன் உண்டு. 2021 செப்டம்பருக்கு முன்பு அது ஒரே ஆண்டுதான். இதில் தேறாதவர் மேல்முறையீடு செய்யலாம்; ஆனால் இன்டக்‌ஷனை இன்னொரு முறை செய்ய முடியாது. இதற்கு அரியர் கிடையாது. கியூ.டி.எஸ். பறிபோகாது என்றாலும், உள்ளாட்சியின் கீழ் உள்ள அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகச் சேர வழியில்லை.

அதற்கு ஈடாகப் பள்ளி தர வேண்டியவை: ஒரு வழிகாட்டி ஆசிரியர், இரண்டு ஆண்டுப் பயிற்சி, குறைந்த பாடவேளை. முதல் ஆண்டு 10 சதவீதம், இரண்டாம் ஆண்டு 5 சதவீதம் குறைப்பார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாரம் 20 பாடவேளை எடுத்தால், புதியவருக்கு முதலில் 18, அடுத்த ஆண்டு 19. பாடம் தயாரிக்க எல்லா ஆசிரியருக்கும் தரும் நேரம் இதில் சேராது, அது தனி.

வசதியான பகுதியோ வறிய பகுதியோ, அரசுப் பள்ளி என்றால் இந்தக் குறைப்பின் அளவு ஒன்றுதான். சிக்கல் பணத்தில். இரண்டாம் ஆண்டின் 5 சதவீதத்துக்கு அரசு தனியே நிதி தருகிறது. முதல் ஆண்டின் 10 சதவீதத்தைப் பள்ளி தன் பொது நிதியிலிருந்தே சமாளிக்க வேண்டும். இரண்டு பேர் லீவு போட்டாலே தடுமாறும் பள்ளியில் "இன்னிக்கு மட்டும் அந்த வகுப்பைப் பாத்துக்கோங்க" என்ற வார்த்தை முதலில் யாரிடம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படி நேரம் பறிபோனால் முதலில் பள்ளியின் இன்டக்‌ஷன் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால், இன்டக்‌ஷனை மேற்பார்வையிடும் 'அப்ராப்ரியேட் பாடி'யை அணுகலாம். கால அட்டவணையின் நகல் கையில் இருக்கட்டும்.

தனியார் பள்ளிகளுக்கு இன்டக்‌ஷன் கட்டாயமில்லை. நடத்தினால் செலவும் அவர்களுடையதே. சேருமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

ஏழை மாணவர் அதிகமுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கென்று ஊக்கத்தொகை ஒன்று இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி எடுப்பவர்களுக்கு, பணியின் முதல் ஐந்து ஆண்டுக்குள், பள்ளியைப் பொறுத்து 2024-25இல் வரி போக 2,000 முதல் 6,000 பவுண்ட் வரை. அதே பள்ளியில் அதே நாளில் சேர்ந்த ஆங்கில ஆசிரியருக்கு இந்தத் தொகையில் ஒரு பென்னியும் இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. தகுதி இருந்தாலும் பணம் தானாகச் சம்பளத்தில் ஏறாது. ஆண்டுதோறும் ஆசிரியரே விண்ணப்பிக்க வேண்டும்.