தட்டில் வளரும் கலத்துக்கு மனச்சோர்வு வருமா?

“வல்லாரைச் சாறு மனச்சோர்வை மாற்றுமெண்டு ஆய்வுகூடத்தில நிரூபிச்சிட்டாங்களாம். இனிக் குளிசையை விடலாந்தானே?” யாழ்ப்பாணத்து கிளினிக்குகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. வாட்ஸப்பில் சுற்றும் இத்தகைய செய்திகளுக்கு அடியில் பெரும்பாலும் ஒரே வகைப் பரிசோதனைதான் இருக்கும்.

எலியின் அதிரீனல் சுரப்பிக் கட்டியிலிருந்து எடுத்த பிசி12 என்ற கலங்களை (செல்களை) ஆய்வுகூடத் தட்டில் வளர்ப்பார்கள். எலியின் மன அழுத்த ஓமோனான கோர்ட்டிகோஸ்டெரோனை 100 முதல் 400 மைக்ரோமோலார் செறிவில் விட்டு, ஒன்றிரண்டு நாள் வைப்பார்கள். கலத்தின் அனுசேபம் குலையும்: கலத்துக்குச் சக்தி ஆக்கித்தரும் இழைமணிகளின் ஒட்சிசன் பயன்பாடு குறையும், அந்தச் சக்தியைச் சுமக்கும் ஏ.ரி.பி. இறங்கும், ஒட்சியேற்ற அழுத்தம் கூடும். சாற்றைச் சேர்த்தபின் இவை ஓரளவு சீரானால், தலைப்பில் ‘மனச்சோர்வுக்கு எதிரானது’ என்று ஏறிவிடும்.

அளவைப் பாருங்கள். மனிதரின் மன அழுத்த ஓமோனான கோர்ட்டிசோல் இரத்தத்தில் காலையில் உச்சத்தில் இருக்கும்போதுகூட 1 மைக்ரோமோலாரை எட்டுவது அரிது. தட்டில் விடுவது அதன் நூற்றுக்கணக்கான மடங்கு. அங்கே தெரிவது மனச்சோர்வின் சாயலா, வெறும் நச்சுத்தாக்கமா என்று துறைசார்ந்தவர்களே தடுமாறுவார்கள்.

கலங்களை வளர்க்கும் போசணைத் திரவமான வளர்ப்பு ஊடகமும் ஒரு சிக்கல். பரவலாகப் பயன்படும் ஊடகத்தில் லீற்றருக்கு 4.5 கிராம் குளுக்கோசு, அதாவது 450 மி.கி./டெ.லீ. சீனி வருத்தக்காரரின் றிப்போட்டில் இப்படி வந்தால் வீடே கலங்கும்! இவ்வளவு குளுக்கோசு கிடைக்கும்போது கட்டிக் கலங்கள் அதை இலற்றிக்கமிலமாக்கியே பிழைத்துக்கொள்ளும்; இழைமணியின் பழுது மறைந்துபோகும். அதை வெளிக்கொணரக் குளுக்கோசுக்குப் பதில், கலத்தை இழைமணியை நம்பவைக்கும் கலக்டோசு என்ற வேறொரு சீனியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது எம்.ரி.ரி. பரிசோதனை. உயிருள்ள கலம் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். ஊதா கூடினால் கலங்கள் கூடுதலாகப் பிழைத்தன என்று கணக்கு. ஆனால் மூலிகைச் சாற்றிலுள்ள பொலிபீனோல்கள் என்ற தாவரப் பொருள்கள் கலமே இல்லாமலும் அந்தச் சாயத்தை ஊதாவாக்கக்கூடும். தட்டின் கலமில்லாத குழியொன்றில் சாற்றையும் சாயத்தையும் மட்டும் விட்டுப் பார்த்தார்களா? சாயமிடுமுன் சாற்றைக் கழுவினார்களா? ஏ.ரி.பி.யை அளந்தோ, இறந்த கலத்தில் மட்டும் ஏறும் டிரைபான் நீலச் சாயமிட்டு எண்ணியோ ஒப்பிட்டார்களா? இவை இல்லாத கட்டுரையின் வரைபடத்தை நம்ப வேண்டியதில்லை.

நோயாளியின் தோல் கலத்தை எந்தக் கலமாகவும் வளரக்கூடிய தண்டுக் கலமாக்கி, அதிலிருந்து நரம்புக் கலம் வளர்க்கும் முறை இதைவிட மேல். அதிலும் குடல், ஈரல், இரத்தத்திலுள்ள பொருள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் அரண் எதுவும் கிடையாது. எந்தப் பொருளை அடுத்து விலங்கில் சோதிக்கலாம் என்று தெரிவுசெய்யத் தட்டு உதவும், அவ்வளவுதான்.

வல்லாரைச் சம்பலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். செறிவாக்கிய வல்லாரைக் கப்சூல் எடுத்த சிலருக்கு ஈரல் அழற்சி வந்ததாகப் பதிவுகள் உண்டு; எடுப்பவர்கள் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். மனச்சோர்வுக் குளிசையைத் திடீரென விட்டால் தலைச்சுற்று, நித்திரையின்மை, பதற்றம் வரலாம். குறைப்பதென்றால் வைத்தியர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான். மனம் மிகவும் தாழ்ந்துபோனால், தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.