டம்ளர் தண்ணீரில் நீந்தும் கோழி இறகு

சேலத்தில் நாட்டுக்கோழிக் கடை முன்னால் நின்று இறகு கேட்டால் ஏற இறங்கத்தான் பார்ப்பார்கள். "குப்பையில கொட்டுறதுதானுங்க, அள்ளிக்கிட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். நான் அள்ளவில்லை, பொறுக்கினேன். சேவலின் பளபளக்கும் வால் இறகை விட்டுவிட்டு, சாதாரண இறகில் தோலை ஒட்டிப் பஞ்சு போல் தொங்குமே, அந்த அடிப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதில் நாலைந்தை, தண்டு நீளமான தூண்டில் முள்ளின் மேல் நூலால் இறுக்கிக் கட்டினால் ஸ்ட்ரீமர்.

ஃப்ளை ஃபிஷிங் என்ற இந்தத் தூண்டில் முறையில் மண்புழு கிடையாது, மைதா உருண்டையும் கிடையாது. இறகு, முடி, நூல் கொண்டு கட்டிய போலி இரைதான். பெரும்பாலும் பூச்சி மாதிரி கட்டுவார்கள். ஸ்ட்ரீமர் குட்டி மீனாகவோ அட்டையாகவோ வேஷம் போடும். இரைக்கு எடையே இல்லாததால் அதை எறிய முடியாது. கனமான கயிற்றைச் சாட்டை போல் வீச வேண்டும், இரை அதன் நுனியில் தொற்றிக்கொண்டு போகும்.

கட்டி முடித்ததைக் கையில் வைத்துப் பார்த்தால் மீனாகவே தெரியாது. ஒட்டடைக் கம்பில் சிக்கிய எதையோ போல இருக்கும். முதலில் கட்டியதைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கி, நூலைப் பிடித்து மெல்ல இழுத்தேன். பஞ்செல்லாம் ஒடுங்கி ஈர்க்குச்சி போல் ஒல்லியானது. இழுப்பதை நிறுத்தினேன். செவுள் திறந்து மூச்சு விடுவது போல் விரிந்தது. மறுபடி இழுத்தால் மறுபடி ஒடுங்குகிறது.

காரணம் இறகின் அமைப்பிலேயே இருக்கிறது. நடுத்தண்டின் இருபுறமும் இழைகள், ஒவ்வோர் இழையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத கிளைகள். இறகின் மேல்பாதியில் அந்தக் கிளைகளில் நுண்கொக்கிகள் உண்டு. பக்கத்து இழையை ஜிப் மாதிரி பிடித்துக்கொள்ளும். கலைந்த இறகை விரலால் நீவினால் மறுபடி ஒன்று சேர்வது அதனால்தான். அடிப்பஞ்சில் இந்தக் கொக்கிகள் இல்லை, ஒவ்வோர் இழையும் தன் போக்கில் அலையும். தண்ணீரோ காற்றைப் போல சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. காற்றில் ஊதினால்தான் அசையும் இழை, தண்ணீரில் விரல் நடுங்கினாலே அசைகிறது. கடைகளில் இந்தப் பஞ்சுக்கு மாரபு என்று பெயர். ஒரு காலத்தில் மாரபு நாரையிடமிருந்து வந்தது, இப்போது வான்கோழி இறகு. நமக்கு நாட்டுக்கோழியே போதும்.

இது கண்ணுக்கான ஏமாற்று. மூக்கனேரி மாதிரி பாசி படிந்த தண்ணீரில் விரால் கண்ணை மட்டும் நம்பி வாழ முடியாது. மார்க்கெட்டில் கெண்டையைச் செதில் உரிக்கும்போது கவனித்துப் பாருங்கள். செவுளிலிருந்து வால் வரை, ஊசியால் தையல் போட்டது போல் ஒரு புள்ளிக்கோடு ஓடும். பக்கக்கோடு என்பது அதுதான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு துளை. உள்ளே ஜெல்லித் தொப்பி போட்ட மயிர் உணர்செல்கள் இருக்கின்றன. நம் உட்காதில் ஒலியைப் பிடிக்கும் செல்களின் உறவுக்காரர்கள் இவர்கள். தண்ணீர் நகர்ந்தால் தொப்பி சாயும், சாய்ந்தால் மூளைக்குச் சேதி போகும். பக்கத்தில், அதாவது தன் உடல் நீளத்துக்கு ஒன்றிரண்டு மடங்கு தூரத்துக்குள், எது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை மீன் இருட்டிலும் உணரும்.

ஆகவே ஸ்ட்ரீமரின் தலையைப் பருமனாகக் கட்டுகிறார்கள். ஒல்லித் தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்விடும். பருத்த தலை தண்ணீரைத் தள்ளும். தள்ளப்பட்ட தண்ணீர் தலைக்குப் பின்னால் இடதும் வலதுமாகச் சுழல்களை உதிர்க்கும். அந்தச் சுழல்களில் சிக்கி வால் பஞ்சு தானாகவே ஆடும். வெளிநாட்டில் இந்தத் தலைக்கு மான்முடி. உள்ளே காற்றறைகள் கொண்ட அந்த முடி நூலை இறுக்கியதும் குடை போல் விரியும். இங்கே மான் பக்கம் போனால் ஜெயில்தான். கம்பளி நூலைப் பிரித்துக் கட்டி, கத்தரியால் உருட்டி வெட்டிக்கொள்கிறேன்.

மீனின் வெள்ளிப் பளபளப்பில் வெள்ளி இல்லை. நம் டி.என்.ஏ.வில் இருக்கும் அதே குவானின், மெல்லிய படிகத் தகடுகளாக அடுக்கப்பட்டு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அம்மாபேட்டைத் தறிகளில் ஓடும் ஜரிகையில் இரண்டே இழை சேர்த்தால் அந்த மினுக்கு வந்துவிடும். நாலு இழை வைத்தால் கல்யாணப் பட்டு ஆகிவிடும், மீன் நம்பாது. நிறத்தைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். தெளிந்த நீரில் ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் மங்கும். நம் கலங்கல் ஏரிகளில் நீலம்தான் முதலில் காணாமல் போகும். கீழேயிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வானத்தின் முன்னால் ஒரு நிழலுருவம் தெரிந்தால் போதும். அதற்குக் கறுப்பை அடிக்க ஆளில்லை.

எடையில்தான் நான் அடி வாங்கினேன். முதல் மாதத்தில் கட்டிய பதினோரு ஸ்ட்ரீமர்களில் ஒன்பது, ஏரிக்கரைச் சீமைக்கருவேல வேரில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டன. (மீன் குத்தகைக்காரரிடம் கேட்டு அனுமதி வாங்கியதுதான் மிச்சம்.) முள்ளின் வளைவு கீழே கனமாக இருப்பதால், முனை அடியில் கிடப்பதையெல்லாம் வாரிக்கொண்டு வரும். இதற்கு வழி சொன்னவர் அமெரிக்காவின் சஸ்குவஹானா ஆற்றுக்காரர் பாப் கிளவுசர், 1980களில். வளைவுக்கு எதிர்ப்பக்கம், தண்டின் முதுகில், தலையருகே இரண்டு உலோக மணிகளைக் கட்டினார். கனம் அந்தப் பக்கம் போனதும் இரை குப்புறப் புரளும், முனை வானத்தைப் பார்க்கும். கூடவே ஒரு லாபம்: தலை கனத்திருப்பதால் இழுத்தால் மூக்கு நிமிரும், நிறுத்தினால் குப்புற விழும். அடிபட்ட குஞ்சு மீன் இப்படித்தான் தத்தளிக்கும்.

கண்ணுக்கு வருவோம். வேட்டை மீன்கள் பல, இரையின் தலைப் பக்கத்தைக் குறிவைக்கும்; அந்தக் குறி கண். இங்கேதான் நம் மலை வருகிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் விடியற்காலையில், நாட்டுச் சேவல் கூவலை யாரோ பாதியில் நறுக்கியது போல் ஒரு குரல் கேட்கும். சாம்பல் காட்டுக்கோழி. தென்னிந்தியாவும் அதை ஒட்டிய பகுதிகளும்தான் அதன் வீடு. ஆணின் கழுத்திறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகு சொட்டி உறைந்தது போல் வெளிர்மஞ்சள் பொட்டு இருக்கும். தொட்டால் நகம் மாதிரி வழுவழுப்பு. தூண்டில்காரர்கள் அதில் மீன்கண்ணைப் பார்த்துவிட்டார்கள், பறவைக்குப் போதாத காலம். கழுத்துத் தோல்கள் கப்பலேறின. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அதை வேட்டையாடுவது குற்றம். (நம் கோழிகளுக்கு மஞ்சள் தோல் கொடுத்த மரபணு இந்தப் பறவையிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்தார்கள், பிராய்லர் காலைப் பார்க்கும்போது ஞாபகம் வரட்டும்.) நான் அந்தப் பொட்டுக்குப் பதிலாக வெள்ளை நகப்பூச்சில் ஒரு சொட்டு, அதன் நடுவே கறுப்பில் ஒரு புள்ளி வைக்கிறேன்.

அந்தப் பொட்டிறகைக் கன்னத்தில் வைத்த ஸ்ட்ரீமர்களில் பேர்பெற்றது கிரே கோஸ்ட். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அதை உருவாக்கிய கேரி ஸ்டீவன்ஸ் தொப்பி தைப்பவர். 1924 ஜூலை 1 அன்று தானே கட்டிய ஸ்ட்ரீமரால் மூன்று கிலோவுக்கும் மேலான ட்ரவுட் மீனைப் பிடித்தார். எல்லோரும் முள்ளை வைஸ் என்ற பிடிகருவியில் மாட்டிக் கட்ட, அவர் வைஸே இல்லாமல் விரலில் பிடித்துக் கட்டினார்.

இதைக் கேட்டு நம்மூரில் யாரும் வியக்க மாட்டார்கள். எங்கள் தெருமுனைப் பூக்கார அக்காவின் விரல்களைப் பார்த்தால் போதும். மல்லியை வைத்து, வாழைநாரைச் சுற்றி, சுற்றுக்குள் விட்டு இழுத்தால் முடிந்தது. ஸ்ட்ரீமரின் கடைசிக் கட்டும் இதே சங்கதிதான். நூலின் மேலேயே நூலைச் சுற்றி, முனையை உள்ளே இழுத்து நறுக்குவது. பிடித்து வைப்பது உராய்வு. அது சுற்றுக்குச் சுற்று கூடுவதில்லை, பெருகுகிறது. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால், ஒரு முழுச் சுற்று இழுவிசையைச் சுமார் ஆறரை மடங்கு தாங்கும். மூன்று சுற்று 280 மடங்குக்கு மேல். அதனால் நாலைந்து சுற்றோடு நிறுத்தி நகப்பூச்சு தடவினால் விராலின் பல்லுக்கும் அவிழாது.

ஒருநாள் முள், நூல், பஞ்சு மூன்றையும் அக்காவிடமே கொடுத்தேன். நான் கால்மணி நேரம் போராடும் கட்டை அரை நிமிஷத்தில் முடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை மீன் நெசமாவே திங்குமா தம்பி?"

"கவ்வும்க்கா, திங்காது."

"மணமும் இல்ல, முழத்துக்கும் வராது" என்று என் கையில் வைத்துவிட்டு மல்லிக்குத் திரும்பினார்.