இரவிலும் சுடும் கூரை

ஆனி மாதம், இரவு பத்து மணி. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக் கொங்கிறீட் கூரைக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனால், தொடாமலே சூடு தெரியும். சூரியன் மறைந்து மூன்றரை மணித்தியாலம் ஆகியிருக்கும். மின்விசிறியைக் கூட்டி வைத்தால் மேலே நிற்கும் வெக்கைதான் இறங்குகிறது.

ஒரு கனமீட்டர் கொங்கிறீட் ஏறத்தாழ 2400 கிலோ. அவ்வளவு பாரமான பொருள் சூட்டையும் நிறையச் சேர்த்து வைக்கும். மதியம் மேலே விழுந்த வெயில் அடிப்பக்கம் வந்துசேரச் சில மணித்தியாலம் பிடிக்கும். அப்புறம் நாம் பாய் விரிக்கிற நேரம் பார்த்து அகச்சிவப்புக் கதிராக இறங்கும். இரவில் குளிரும் பாலைவனத்தில் இது வரம். புழுங்கும் கடற்கரை ஊரில் தண்டனை. ஓடு மெல்லியது, பொழுதுபட்டதும் ஆறிவிடும். இடுக்குகளால் வெக்கையும் வெளியேறும்.

திருகோணமலை இருப்பது வடக்கு எட்டரைப் பாகையில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மதிய வெயில் சுவரில் படுவது கொஞ்சம், மிச்சமெல்லாம் கூரைக்குத்தான். இந்த ஊரில் வீடு முதலில் ஒரு குடையாக இருக்கவேண்டும். நாம் பெட்டி கட்டிவிட்டு ஏசி பூட்டுகிறோம். அது நம் சூட்டை ஒழுங்கைக்குள் தள்ள, பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்துகிறார்கள்.

சரி, ஓட்டுக்கே திரும்பலாமா? 1964 டிசம்பர்ப் புயலைக் கண்டவர்களிடம் காற்றில் பறக்கும் ஓட்டுக்குத் திரும்பச் சொல்ல வாய் வராது. 2020இல் புரெவிப் புயலும் இந்தக் கரையில்தான் ஏறியது. இடித்துப் புதிதாகக் கட்டுவதும் நட்டக் கணக்கு: சீமெந்துக்காக 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் போய்விடும். உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 வீதம் சீமெந்தால் வருவது.

ஆகவே இருக்கிற கூரைக்கு நிழல் கொடுப்பதே மேல். ஓரடி உயரத்தில் இன்னொரு மெல்லிய கூரையை இறுகப் பூட்டினால் வெயில் அதோடு நிற்கும், இடையில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோகும். காசு இல்லையென்றால் வெள்ளைப் பூச்சு. புதிதாகப் பூசியது வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். மாரி மழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடும் என்பதால் மாசியில் தேய்த்துத் திரும்பப் பூசவேண்டும்.

கச்சான் காற்றையும் மறக்கக்கூடாது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி, வறண்டு வருகிற காற்று அது. பகலில் மேற்குச் சன்னல்களைச் சாத்தி, இருட்டியதும் திறக்கவேண்டும். காற்று நுழைய ஒரு சன்னல், வெளியேற எதிரே இன்னொன்று. எங்கள் வீட்டில் அந்த எதிர்ச் சன்னலை மறைத்து அலுமாரி நிற்கிறது.