செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்: கிலோமீட்டரை விடுங்கள், சூட்டைப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்க்கப் போனால், நான் முதலில் செய்வது பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பதுதான். ஜில்லென்று இருந்தால் நல்லது. வெதுவெதுப்பாக இருந்தால், "நாளைக்குக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். குளிர்ந்த இன்ஜின் முதல் அரை நிமிடத்தில் சொல்லும் விஷயங்களைச் சூடான இன்ஜின் சொல்லவே சொல்லாது.

ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினில் ஆயில் எல்லாம் அடித்தொட்டிக்கு இறங்கியிருக்கும். அலுமினியம் சூட்டில் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், குளிரில் அதே அளவு சுருங்கும். அதனால் காலையில்தான் அலுமினிய பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இடைவெளி அதிகம். தேய்ந்த இன்ஜினில் பிஸ்டன் அந்த இடைவெளியில் ஆடிச் சுவரில் மோதும், டக் டக் என்று கேட்கும். சில நிமிடங்களில் பிஸ்டன் சூடாகி விரிந்ததும் சத்தம் அடங்கிவிடும். குளிரில் லேசான சத்தம் சில இன்ஜின்களுக்கு இயல்புதான். சூடேறிய பிறகும் அது தொடர்ந்தால் யோசிக்க வேண்டும்.

அதே நேரத்தில் இன்னொருவரைச் சைலன்சர் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். மெல்லிய வெள்ளைப் புகை வந்து கொஞ்ச நேரத்தில் மறைந்தால் அது வெறும் நீராவி. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, குளிர்ந்த குழாயில் அது ஆவியாகத் தெரிகிறது. அடர்த்தியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, இனிப்பு வாசனையும் அடித்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கும். நீலப் புகை என்றால் ஆயில். அது எப்போது வருகிறது என்பதிலும் செய்தி இருக்கிறது. ஸ்டார்ட் செய்த உடனே ஒரு முறை மட்டும் குப்பென்று வந்தால், வால்வுத் தண்டின் ரப்பர் சீல் இறுகி, இரவில் ஆயில் கசிந்து உள்ளே இறங்கியிருக்கலாம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் சந்தேகம் பிஸ்டன் ரிங் மேல் போகும். முதலாவது எளிதில் முடிகிற வேலை. இரண்டாவது இன்ஜினையே பிரிக்க வைக்கும்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், மீட்டரில்தான் ஓடிய தூரம் இருக்கிறதே என்று கேட்கலாம். மீட்டர் தூரத்தை மட்டும்தான் எண்ணும். ஸ்போர்ட்ஸ் காரின் வயதைக் கூட்டுவது சூடும் சுற்று வேகமும். நெடுஞ்சாலையில் சீராக ஓடிய 80,000 கி.மீ. கார், பந்தயத் தடத்தில் அடிவாங்கிய 20,000 கி.மீ. காரைவிட நல்ல நிலையில் இருப்பது சாதாரணம்.

சுற்று வேகம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு காட்சி. மூன்றாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் இருக்கிறது. நான்காவதுக்குப் போக வேண்டிய கை, அவசரத்தில் இரண்டாவதுக்குப் போய்விடுகிறது. கிளட்சை விட்டதும் சக்கரங்கள் இன்ஜினைப் பிடித்து இழுக்கின்றன, முள் 10,000 பக்கம் பாய்கிறது. சுற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு இங்கே கைகட்டி நிற்கும். அதற்குத் தெரிந்தது எரிபொருளை நிறுத்துவது மட்டும், சக்கரம் சுற்றிவிடுவதை அதனால் தடுக்க முடியாது. பிஸ்டனை இழுத்துத் தள்ளும் கனெக்டிங் ராடு மேல் விழும் விசை சுற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 7,000 என்பது 10,000 ஆனால் விசை இரண்டு மடங்கு. வால்வு ஸ்பிரிங்கால் அந்த வேகத்துக்கு வால்வை மூட முடியாமல் போனால், மேலே வரும் பிஸ்டன் வால்வில் இடிக்கும். அப்போதே உடைந்தால் எல்லோருக்கும் தெரியும். உடையாமல் பேரிங் மட்டும் அடிவாங்கியிருந்தால் கார் பளபளவென்று விற்பனைக்கு வந்து நிற்கும்.

நல்ல வேளையாக, சில கார்கள் இதைக் குறித்து வைக்கின்றன. போர்ஷே கார்கள் பலவற்றின் இன்ஜின் கணினி, எல்லை மீறிய சுற்றுகளை அளவு வாரியாக எண்ணி, கடைசியாக எத்தனையாவது மணி நேரத்தில் அது நடந்தது என்பதையும் சேமித்து வைக்கும். சரியான ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்தால் பட்டியலாக வரும். கூடவே இன்ஜின் ஓடிய மொத்த மணி நேரமும் கிடைக்கும். இந்த எண் எனக்கு ரொம்பப் பிடித்தது. மீட்டரில் 60,000 கி.மீ., இன்ஜின் ஓடியது 1,500 மணி நேரம் என்றால் சராசரி 40 கி.மீ. வேகம், நம்பலாம். அதே 1,500 மணி நேரத்துக்கு மீட்டர் 25,000 காட்டினால் சராசரி 17 கூட வராது. அந்த வண்டி வாழ்நாள் முழுக்க நெரிசலில் ஊர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்டரைத் திருப்பியிருக்க வேண்டும்.

ஸ்கேனரை எடுத்த கையோடு இன்னொன்றையும் பாருங்கள். இன்ஜின் எச்சரிக்கை விளக்கை அணைக்க, கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளை அழித்தால் போதும். ஆனால் அப்படி அழித்ததும், கார் தன்னையே சோதித்துக்கொள்ளும் பட்டியலும் அழிந்து, 'சோதனை முடியவில்லை' என்று காட்டும். அது முழுமையாக மறுபடி நிறைய, கொஞ்ச தூரமாவது பல விதமாக ஓட்ட வேண்டும். நீங்கள் பார்க்கும் காலையில் பட்டியல் காலியாக இருந்தால், பேட்டரியைக் கழற்றினீர்களா (அப்போதும் இது அழியலாம்) என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் வரவில்லை என்றால் நான் கிளம்பிவிடுவேன்.

இன்ஜினின் உள்ளே என்ன நிலை என்று அறிய, பிரிக்காமலே ஒரு வழி உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வால்வுகள் எல்லாம் மூடிய நிலையில், அந்த ஓட்டை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். எங்கே 'ஸ்ஸ்' என்று கேட்கிறதோ அங்கே நோய். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். மஸ்தா ஆர்எக்ஸ்-8 போன்ற ரோட்டரி இன்ஜின் கார்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றில் பிஸ்டனும் இல்லை வால்வும் இல்லை, அழுத்தத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டும். வடிவமைப்பிலேயே அவை கொஞ்சம் ஆயிலை எரிப்பவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் பிரேக். எனக்கு நம்பிக்கையான சாட்சி இதுதான், ஏனென்றால் பிரேக்கின் வேலையே வேகத்தைச் சூடாக மாற்றுவது. 1,500 கிலோ கார் 200 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை நின்றால் வெளியாகும் சூட்டில், 30 டிகிரியில் உள்ள 7 லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். பந்தயத் தடத்தில் கார் இதைப் போல மறுபடி மறுபடி செய்கிறது. ஒருமுறை, 'வாரக் கடைசியில் மட்டும் ஓட்டியது' என்று சொன்ன சிவப்புக் கார் ஒன்றைப் பார்த்தேன். பேடு புத்தம் புதிது. டிஸ்கில் டார்ச் அடித்தால் நீலம் பாய்ந்த பட்டைகள் தெரிந்தன. துளையிலிருந்து துளைக்கு மயிரிழை விரிசல்கள் ஓடின, நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. சக்கர வளைவுக்குள் கையை விட்டுத் தடவினேன், உருகி ஒட்டிய ரப்பர் துணுக்குகள் விரலில் உரசின. பந்தயத் தடத்தில் டயர் உதிர்க்கும் துணுக்குகள் அவை. நீல நிறமும் விரிசலும் அந்தத் துணுக்குகளும் சேர்ந்து இருந்ததால் எனக்குச் சந்தேகம் மிச்சமில்லை.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட்-4 வகை புதிதாக 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகி, பெடல் பஞ்சு போல உள்ளே போகும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றாமல் வேகமாக ஓட்ட வேண்டாம். கார்பன் செராமிக் டிஸ்க் இருந்தால், தடிமனைவிட எடைதான் தேய்மானத்தைச் சொல்லும். குறைந்தபட்ச எடையை டிஸ்கிலேயே பொறித்திருப்பார்கள்.

டயரில் வரிப்பள்ளத்தின் ஆழத்தோடு பிறந்த தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண் 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆழம் நிறைய இருந்தும் ரப்பர் இறுகியிருந்தால் ஈரச் சாலையில் பிடிக்காது. உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணத்தை அளக்கச் சொல்லுங்கள்.

பெயிண்டுக்குத் தடிமன் அளக்கும் சின்னக் கருவி போதும். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஒரு கதவில் மட்டும் 600 என்று வந்தால் கீழே பட்டி பார்த்திருக்கிறார்கள். கார்பன் ஃபைபர் பாகங்களில் இந்தக் கருவி வேலை செய்யாது, ஓரங்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது மேல் கியரில், குறைந்த சுற்றில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். வேகம் கூடாமல் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி அணையுங்கள். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் டர்போ மெல்லிய ஆயில் படலத்தில்தான் மிதக்கிறது. அதன் சீல் கசிந்தால், சூடாக நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகையில் தெரியும். அதனால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்டார்ட் செய்து சைலன்சரைப் பாருங்கள். அப்புறம் வண்டியை ஒரு கார் நீளம் நகர்த்திவிட்டு, நின்ற இடத்தில் குனிந்து பாருங்கள். கறுப்புச் சொட்டு இன்ஜின் ஆயில், வழவழப்பான பச்சையோ இளஞ்சிவப்போ கூலன்ட், நிறமும் வாசனையும் இல்லாத தண்ணீர் ஏசியிலிருந்து வந்தது.