விஞ்ச் வாங்கும்போது டிரம்மைப் பாருங்கள்

திருவொற்றியூரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடசென்னைத் தெருக்களை நாள் கணக்கில் நீரில் ஊறவைத்தபோது, சேற்றில் சிக்கிய வாகனங்களை ஆட்கள் கூடித் தள்ளியதைப் பார்த்ததிலிருந்து தன்னுடைய மாருதி ஜிம்னியின் முன்புறத்தில் ஒரு மின் விஞ்ச் (கயிற்றைச் சுற்றி இழுத்து, சிக்கிய வண்டியை மீட்கும் கருவி) பொருத்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. 9,500 பவுண்டு இழுவிசை உள்ளதை வாங்குவதா, 12,000 பவுண்டு உள்ளதை வாங்குவதா, பெரிது எப்போதும் நல்லதுதானே என்பது அவருடைய கேள்வி. பதில் அந்த எண்களில் பாதிதான் இருக்கிறது. மறுபாதி, கயிறு சுற்றியிருக்கும் டிரம்மில் இருக்கிறது.

விஞ்சின் உள்ளமைப்பு எளிமையானது. 12 வோல்ட் மின்கலத்தில் ஓடும் ஒரு மோட்டார், அதன் வேகத்தை 200 மடங்குக்கும் மேல் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் பற்சக்கரத் தொகுதி, கயிறு சுற்றும் டிரம், டிரம்மைக் கையால் தளர்வாகச் சுழல விடுவதற்கு ஒரு கிளட்ச், சுமை பின்னோக்கி ஓடாமல் பிடிக்க ஒரு பிரேக், அவ்வளவுதான். பொழுதுபோக்கு வாகனங்களுக்கென்று மின் விஞ்ச் அமெரிக்காவில் 1959இல் விற்பனைக்கு வந்தது. அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறிவிடவில்லை.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். ஐந்து கதவு ஜிம்னியின் எடை ஏறத்தாழ 1,200 கிலோ. ஆட்களும் சாமான்களும் சேர்ந்த முழு எடை 1,545 கிலோ. முழு எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுவிசை உள்ள விஞ்ச் வேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. அதன்படி இவருக்கு 2,320 கிலோ, அதாவது சுமார் 5,100 பவுண்டு போதும். ஆனால் சேறு இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ராணுவ மீட்புப் பணியில் பயன்படுத்தப்படும் மதிப்பீட்டின்படி, சக்கரம் அளவுக்குப் புதைந்த வண்டியை இழுக்க அதன் எடைக்குச் சமமான விசையும், சக்கரத்தின் மேலுள்ள மட்கார்டு வரை புதைந்த வண்டிக்கு எடையைப் போல இரண்டு மடங்கும் வேண்டும். அப்படியானால் இதே ஜிம்னிக்கு 3,090 கிலோ. 6,000 பவுண்டு விஞ்ச் 2,720 கிலோதான் இழுக்கும் என்பதால், அது இங்கேயே போட்டியிலிருந்து விலகிவிடுகிறது.

இனி 9,500 பவுண்டு விஞ்சை எடுத்துக்கொள்வோம். அது 4,300 கிலோ. இந்த எண் பொய்யில்லை. ஆனால் டிரம்மின் மேல் ஒரே ஒரு அடுக்குக் கயிறு இருக்கும்போது மட்டுமே மெய். டிரம்மின் விட்டம் 64 மில்லிமீட்டர், கயிற்றின் தடிமன் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் அளவுகள்தான் இவை. முதல் அடுக்கில் கயிற்றின் நடுக்கோடு டிரம்மின் அச்சிலிருந்து 36 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டாம் அடுக்கில் 44, மூன்றாம் அடுக்கில் 52, நான்காம் அடுக்கில் 60. மோட்டாரும் பற்சக்கரங்களும் தரக்கூடிய முறுக்குவிசை மாறாதது. முறுக்குவிசையை ஆரத்தால் வகுத்தால் இழுவிசை என்பது பள்ளிப் பாடம். ஆகவே 4,300 கிலோ இரண்டாம் அடுக்கில் 3,520 ஆகவும், மூன்றாம் அடுக்கில் 2,980 ஆகவும், நான்காம் அடுக்கில் 2,580 ஆகவும் இறங்கிவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய விசையில் ஐந்தில் இரண்டு பங்கு, கயிறு கயிற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்ததால் காணாமல் போகிறது.

எந்த அடுக்கில் இருக்கிறோம் என்பதைக் கயிற்றின் நீளம் சொல்லும். டிரம்மின் அகலத்தில் ஒரு அடுக்குக்கு 28 சுற்றுகள் அடங்கும் என்றால், முதல் அடுக்கில் இருப்பது வெறும் 6.3 மீட்டர் கயிறு. இரண்டாவதில் 7.7, மூன்றாவதில் 9.1 மீட்டர். மொத்தம் 28 மீட்டர் கயிறு உள்ள விஞ்சில் ஏறத்தாழ 22 மீட்டரை வெளியே இழுத்த பிறகுதான் பெட்டியில் எழுதியிருக்கும் 4,300 கிலோ உங்கள் கைக்கு வரும். பத்து மீட்டர் தொலைவில் ஒரு பனைமரத்தில் கட்டி இழுக்கிறீர்கள் என்றால் நீங்கள் மூன்றாம் அடுக்கில் இருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது 9,500 பவுண்டு விஞ்ச் அன்று, 6,600 பவுண்டு விஞ்ச். வண்டி மரத்தை நெருங்க நெருங்க, சுற்று ஏற ஏற, விசை இன்னும் குறைந்துகொண்டே வரும்.

அப்படியானால் கயிறு முழுவதையும் வெளியே எடுத்துவிட்டு இழுக்கலாமே என்று தோன்றும். கூடாது. கயிற்றின் கடைசி முனை டிரம்மோடு ஒரு சிறிய திருகாணியால்தான் பிணைக்கப்பட்டிருக்கிறது. அது நான்கு டன்னைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. தாங்குவது டிரம்மில் மிச்சமிருக்கும் சில சுற்றுகளின் உராய்வு. இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்கிறேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரை அணையும் நேரத்தில் போய் நின்றால் இதைக் கண்ணெதிரே காணலாம். பல டன் எடையுள்ள படகு அலையில் முன்னும் பின்னும் இழுக்க, கரையில் நிற்கும் ஒருவர் இரும்புத் தூணில் கயிற்றை மூன்று முறை சுற்றி, நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பார். அவர் கையில் பலம் கூடுதல் என்பதில்லை. தூணைச் சுற்றும் கயிற்றின் ஒவ்வொரு சிறு பகுதியும் தூணின் மேல் அழுந்துகிறது. அழுத்தத்தால் உராய்வு பிறக்கிறது. அந்த உராய்வு இழுவிசையில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்த பகுதிக்குத் தள்ளுகிறது. அடுத்த பகுதியும் தன்னிடம் வந்ததில் அதே பங்கைத் தின்கிறது. எனவே சுற்றுகள் கூடும்போது பயன் கூட்டலாக வளர்வதில்லை, பெருக்கலாக வளர்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். பின்னர் ஜெர்மன் பொறியாளர் ஐட்டெல்வைனின் பெயரும் அந்தச் சமன்பாட்டோடு சேர்ந்துகொண்டது.

டிரம்மும் கயிறும் எஃகு, உராய்வுக் கெழு (இரண்டு பரப்புகள் எவ்வளவு உரசிப் பிடிக்கும் என்பதன் அளவு) 0.15 என்று கொண்டால், ஒரு சுற்று இழுவிசையை ஏறத்தாழ இரண்டரையில் ஒரு பங்காக்கிவிடும். ஐந்து சுற்றுகள் சேர்ந்தால் 110இல் ஒரு பங்கு. 4,300 கிலோ இழுவிசையில் திருகாணிக்குப் போய்ச் சேருவது 39 கிலோ மட்டுமே. எஃகுக் கயிற்றுக்குக் குறைந்தது ஐந்து சுற்றுகளை விட்டுவையுங்கள் என்று கையேடுகள் சொல்வதன் பொருள் இது. செயற்கை இழைக் கயிறு வழுக்கும் குணமுள்ளது, கெழு 0.07 என்று கொண்டால் அதே ஐந்து சுற்றுகள் விசையை ஒன்பதில் ஒரு பங்காகத்தான் குறைக்கும், திருகாணியின் மேல் கிட்டத்தட்ட 480 கிலோ வந்து விழும். பத்து சுற்றுகள் இருந்தால் அது 53 கிலோவாக இறங்கிவிடும். ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே இத்தனை வேறுபாடு இருப்பதுதான் பெருக்கல் செய்யும் வேலை.

இதில் ஒரு வியப்பும் உண்டு. அந்தச் சமன்பாட்டில் டிரம்மின் ஆரத்துக்கு இடமே இல்லை. மெல்லிய கம்பியானாலும் பருத்த தூணானாலும் எத்தனை சுற்று என்பதே கணக்கு. அடுக்குகளின் கதையிலோ ஆரம்தான் எல்லாமும். ஒரே டிரம்மில், ஒரே கயிற்றில், ஆரம் ஒரு கேள்விக்கு முழு விடையாகவும் இன்னொரு கேள்விக்குப் பொருட்டே இல்லாததாகவும் நிற்கிறது. எட்டாம் வகுப்பில் ஒரு துடைப்பக் கட்டையையும் ஒரு சணல் கயிற்றையும் கொண்டு காட்டிவிடக்கூடிய இந்த அழகை, தேர்வுக்கு வராது என்பதற்காக நம் பள்ளிகள் தவறவிடுகின்றன என்பது என் மனக்குறை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கப்பியின் அருமை புரியும். மரத்தில் ஒரு கப்பியைக் கட்டி, கயிற்றை அதன் வழியே திருப்பிக்கொண்டு வந்து வண்டியிலேயே மாட்டினால், இழுவிசை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. கப்பியின் உராய்வுக்குச் சிறிது கழித்துக்கொள்ள வேண்டும். அதோடு பத்து மீட்டர் தொலைவுள்ள மரத்துக்கு இருபது மீட்டர் கயிறு வெளியே போவதால், டிரம்மில் மூன்றாம் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு இறங்கிவிடுகிறோம். ஒரே செயலில் இரண்டு ஆதாயம். வேகம் பாதியாகும் என்பதைத் தவிர இழப்பு எதுவும் இல்லை. மரத்தைச் சுற்றும் பட்டையும் அதை இணைக்கும் ஷேக்கிள் என்ற U வடிவ இரும்பு வளையமும் இரட்டிப்பு விசையைத் தாங்கும் தரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

ஆகவே ஜிம்னி வாசகருக்கு என் பரிந்துரை 8,000 பவுண்டு விஞ்சும் ஒரு நல்ல கப்பியும். 3,630 கிலோவில் தொடங்கும் அந்த விஞ்ச் மூன்றாம் அடுக்கில் 2,510 கிலோ தரும். கப்பியோடு 5,000 கிலோவை நெருங்கும். 12,000 பவுண்டு விஞ்ச் அந்தச் சிறிய வண்டியின் மூக்கில் கூடுதல் எடையாகத் தொங்கி, முன் ஸ்பிரிங்கை அழுத்தி, சேற்றில் முன்சக்கரம் முதலில் புதைவதற்கே வழிசெய்யும்.

மோட்டாரைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். 4,300 கிலோ சுமையில் இந்த வகை விஞ்ச் சுமார் 400 ஆம்பியர் மின்னோட்டத்தை உறிஞ்சும். 12 வோல்ட்டில் அது 4,800 வாட். கயிறு அப்போது நகர்வது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். அதன் திறன் 700 வாட்தான். மீதியெல்லாம் வெப்பம். முழுச் சுமையில் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்காமல் மோட்டாரை ஆறவிடச் சொல்வது இதனால்தான். காந்தப் புலத்துக்குத் தனிக் கம்பிச் சுருள் கொண்ட தொடர்சுற்று மோட்டார், நிலைக்காந்த மோட்டாரைவிட இந்த வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ளும். இழுக்கும்போது என்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். ஆனால் என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தரக்கூடியது இதில் ஒரு சிறு பங்கே, மீதியை மின்கலமே சுமக்கிறது.

கயிற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எண்ணூர்க் கடற்காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்றைய எஃகுக் கயிற்றின் முன்னோடியான இரும்புக் கம்பி வடத்தை 1834இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கத்தில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் உருவாக்கினார். கூரிய கற்களிலும் வெயிலிலும் எஃகுக் கயிற்றுக்கு இன்றும் நிகரில்லை. ஆனால் உப்புக்காற்றில் இழைகளின் உட்புறம் துருப்பிடிப்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட பாலிஎத்திலீன் இழைக் கயிறு, 28 மீட்டருக்கு ஒரு கிலோ அளவே எடையுள்ளது. எஃகுக் கயிறோ ஏழு கிலோவுக்கு அருகில் வரும். அறுந்தால் சாட்டையாகச் சுழன்று காலை வெட்டும் ஆபத்தும் இழைக் கயிற்றில் மிகக் குறைவு. அதன் பலவீனம் வெப்பம்: 150 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே உருகிவிடும். பல விஞ்சுகளில் பிரேக், கயிறு சுற்றும் டிரம்மின் உள்ளேயே இருப்பதால், சுமையோடு வண்டியை மின்விசையில் கீழிறக்கும்போது டிரம் கொதித்து, அதன்மேல் இருக்கும் முதல் அடுக்குக் கயிறு இளகும். எனவே செயற்கைக் கயிறு வேண்டுவோர், டிரம்முக்கு வெளியே பிரேக் இருக்கும் விஞ்சைக் கேட்டு வாங்க வேண்டும். வடசென்னைக் கடலோரத்தில் இருப்பவருக்கு நான் சொல்வது இழைக் கயிறுதான். மணலில் புரண்டால் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். எந்தக் கயிறானாலும், அதன் அறுபடும் எல்லை விஞ்சின் இழுவிசையைப் போலப் பல மடங்காக இல்லாததால், இதைக்கொண்டு ஆளையோ சுமையையோ மேலே தூக்கக் கூடாது.

கடற்கரை மணலில் ஓட்டத்தான் விஞ்ச் என்று நினைப்பவர்கள் சிலர் உண்டு. அங்கே கட்டி இழுக்க மரம் ஏது? டயர் காற்றைக் குறைப்பதும் ஒரு மண்வெட்டியும் அங்கே கூடுதலாக உதவும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும் மணல் அது என்பதால், அங்கே வண்டியை இறக்காமலிருப்பதே முறை. அதேபோல், விஞ்சைத் தாங்கும் முன்கம்பியைப் பொருத்தும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. அனுமதியில்லாத புல் பார்களுக்கு (வண்டியின் முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்புகளுக்கு) எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

ஆயுத பூஜையன்று விஞ்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கொக்கியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை. எலுமிச்சையின் அமிலம் எஃகுக் கொக்கிக்கு நல்லதில்லை என்பதைத் தவிர. அன்றைக்கே கயிறு முழுவதையும் வெளியே இழுத்து, அறுந்த இழை இருக்கிறதா என்று கையுறை போட்ட கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சுற்றுவது பயனுள்ள வழிபாடு. சுற்றும்போது கயிறு தளர்வாக இருந்தால், அடுத்த முறை சுமை ஏறியதும் மேலடுக்கு கீழடுக்கின் இடுக்கில் புகுந்து இறுகிக்கொள்ளும். ஆகவே சற்றே ஏற்றமுள்ள வெற்று நிலத்தில் கயிற்றை ஒரு உறுதியான பிடிமானத்தில் மாட்டி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் இருக்க, வண்டி தன் எடையாலேயே கயிற்றை இறுக்கமாக வைத்திருக்கும்படி மெதுவாக ஏறவிட்டுச் சுற்ற வேண்டும். புதிய கயிற்றுக்கு இதை முதல் நாளே செய்துவிடலாம். அப்போதே டிரம்மில் பத்து சுற்றுகள் மிச்சமிருக்கும் இடத்தில் கயிற்றின் மேல் சிவப்புத் துணி நாடா ஒன்றைத் தைத்துவிட்டால், அவசரத்தில் கயிற்றை இழுப்பவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்காது.